புதன்கிழமை வயர்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழைய கார், மூன்றாவது புதன்கிழமையாகப் பதுளையில் நப்ரீஸின் கராஜில் வந்து நின்றது. டிரைவர் இராயப்பன் இறங்குவதற்குள் துரை போனில் நப்ரீஸை ஏசத் தொடங்கிவிட்டார்.

"ஒரு ஒக்சிஜன் சென்சர் வயரை ஒழுங்கா ஒட்டத் தெரியாதா? திரும்பவும் என்ஜின் லைட் எரியுதே!"

இருபது வருடத் தொழிலில் நப்ரீஸ் இப்படி ஏச்சு வாங்கியதில்லை. எரிச்சலோடு காருக்கு அடியில் நுழைந்தார். அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் வயரை யாரோ பிளேடால் வெட்டியிருந்தார்கள்.

வெளியே வந்து, கையிலிருந்த குறட்டைத் தரையில் எறிந்தார். "யாரு ராயப்பன் இத வெட்டினது?"

"நான்தான் நப்ரீஸ் நானா."

"ஏன்? என் பேரக் கெடுக்கவா?"

"கால் உடைஞ்ச என் பொண்டாட்டிக்குப் புதன்கிழமைதான் பதுளை ஆஸ்பத்திரியில நடக்கப் பயிற்சி குடுக்குறாங்க. அவளால பஸ் ஏற முடியாது. ரிப்பேர்னாத்தான் துரை காரைத் தருவாரு. இந்த வயர் அறுந்தா லைட் மட்டுந்தான் எரியும், வண்டி நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இன்னும் எத்தன புதன்?"

"ரெண்டு."

நப்ரீஸ் போனை எடுத்தார்.

"என் வேலதான் பிழை சேர். அடுத்த ரெண்டு புதனும் காரை அனுப்புங்க."