ஒரே ஒரு ஸ்டார்

"இது காப்பி. இதுவும் காப்பி. மூணாவதும் அதே பெஞ்சுதான்" என்று செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள் வத்சலா.

பக்கத்தில் இருந்த மகள் சுப்ரஜாவுக்குப் பொறுமை போயிற்று. "அம்மா, அது ஏர்கன் ரிவ்யூ. பிளஸ் டூ பேப்பர் இல்லை."

"எல்லாம் ஒண்ணுதான்டி. 'சூப்பர் பொருள், குடும்பமே மகிழ்ச்சி'னு எழுதியிருக்கான். ஏர்கன் வாங்கினா குடும்பம் எதுக்கு மகிழணும்? போன வாரம் இதையே குக்கருக்கு எழுதியிருப்பான்."

செங்கல்பட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர் வத்சலா. யாரைப் பார்த்து யார் எழுதினான் என்று விடைத்தாளைத் தொட்டதுமே சொல்லிவிடுவாள். அவளிடம் போய் முந்நூறு பேர் போட்ட ஐந்து ஸ்டாரைக் காட்டினால் எடுபடுமா?

ஆனால் நேரம் இல்லை. அடுத்த ஞாயிறு மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டி. இதுவரை கிளப்பில் ஒரே துப்பாக்கியை ஆறு பெண்கள் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். இந்த வருஷம் ஆளுக்கொன்று கொண்டுவந்தால்தான் களத்தில் விடுவார்களாம். இன்று ராத்திரிக்குள் ஆர்டர் போட்டால் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். வருவது கோணலாக இருந்தால் மாற்ற அவகாசம் கிடையாது. சுப்ரஜாவின் ஒரு வருஷ உழைப்பு வீண்.

"பாலா சாரே இதைத்தான் வாங்கச் சொன்னார்மா."

"உங்க கோச் இதைக் கையால தொட்டிருக்காரா?"

"இல்லை. படிச்சுப் பார்த்திருக்கார்."

"இதே ரிவ்யூவைத்தானே?"

திரையைத் தள்ளிக்கொண்டிருந்த வத்சலாவின் விரல் கடைசியில் ஓர் இடத்தில் நின்றது. ஒரே ஒரு ஸ்டார். எல்லப்பன், மாமல்லபுரம். 'நம்பி வாங்குனேன். மூணே வாரத்துல என் பொழப்பே போச்சு. யாரும் வாங்காதீங்க.' கூடவே ஒரு படம். சாக்கின் மேல் துப்பாக்கி, தூரத்தில் கலங்கரை விளக்கம்.

"இது சொந்த விடை" என்றாள் வத்சலா. "வயிறு எரிஞ்சு எழுதியிருக்கார். பொய் சொல்றவனுக்கு இப்படி வராது."

"அப்ப வேண்டாமா?" என்றாள் சுப்ரஜா. இதை விட்டால் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் வேறொன்று இல்லை.

வத்சலா எழுந்தாள். "ஒரு ஸ்டார்னா முட்டை போட்ட மாதிரிதான். எதுக்குப் போட்டேன்னு எழுதலையே. காரணம் இல்லாம முட்டை போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். செருப்பைப் போட்டுக்கோ."

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் போகும்போதும் அவளுக்கு அதே யோசனைதான். "கருவாடு காயப்போடற இடத்துல காக்கா விரட்டறவரா இருக்கும். துப்பாக்கி குறி தப்பினா பிழைப்பு போகத்தானே செய்யும்? ஆனா அதை அவர் வாயால கேக்கணும்."

மாமல்லபுரத்தில் இறங்கி, உச்சி வெயிலில் நாலு சிற்பக் கூடங்களில் விசாரித்தாள். கடைசியில் கடற்கரை டீக்கடைப் பெண் கையை நீட்டினாள். "துப்பாக்கி எல்லப்பனா? அதோ, நீல தார்ப்பாய் போட்டுகீது பாரு, அதும் பக்கத்துல குந்தினுகீறாரு."

பெரிய பலகை ஒன்றை நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, அதன் நிழலில் விசிறிக்கொண்டிருந்தார் எல்லப்பன்.

"நீங்கதான் ஏர்கனுக்கு ஒரு ஸ்டார் போட்டவரா?"

"ஆமாம்மா. அதுக்கு இன்னா இப்போ? கம்பெனி ஆளா நீங்க?"

"இல்லை. என் பொண்ணு போட்டிக்கு அதை வாங்கலாம்னு இருக்கோம். நீங்க எழுதினது நிஜமா?"

"எம் பொண்ணு மேல சத்தியம். பொழப்பு போச்சு. அத்த வாங்குனதுலேர்ந்து ஒரே பேஜாரு."

"அதுல என்ன கோளாறு?"

எல்லப்பன் சாக்கைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்தார். தார்ப்பாயை விட்டுத் தள்ளி, ஆளில்லாத பக்கமாக மணலில் ஒரு குச்சியை நட்டு, காலித் தீப்பெட்டியைச் சொருகினார். "நீயே சுட்டுப் பாரு கண்ணு."

சுப்ரஜா மூச்சைப் பிடித்துச் சுட்டாள். தீப்பெட்டி பறந்தது.

"ஏதோ தற்செயல். இன்னொரு தரம்" என்றாள் வத்சலா.

பறந்தது. மூன்றாவது தரமும் பறந்தது. நாலாவது தரம் எல்லப்பன் வெறும் தீக்குச்சியைச் சொருகினார். அதுவும் இரண்டாக முறிந்தது. கடல்காற்று வீசியும் குண்டு இம்மி பிசகவில்லை. சுப்ரஜா துப்பாக்கியைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள்.

வத்சலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவரையா நம்பினோம்? "ஏன் சார், நேராத்தானே போறது? இதுக்கா முட்டை போட்டேள்? இன்னும் கொஞ்சத்துல என் பொண்ணோட வருஷமே போயிருக்கும். இப்படியா பொய் எழுதுவா?"

"பொய்யா? நானா?" எல்லப்பன் எழுந்து தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்து இழுத்தார். பலகை முழுக்க வரிசை வரிசையாகப் பலூன்கள். மேலே, 'பத்துக்குப் பத்து சுட்டால் கரடி பொம்மை இலவசம்' என்ற போர்டு. அதன் பக்கத்தில் பொம்மை ஒன்றுகூட இல்லாத வெறும் கொக்கிகள்.

"நேராத்தாம்மா போவுது," என்றார் எல்லப்பன், கொக்கிகளைக் காட்டி. "பச்சப்புள்ள சுட்டாக்கூட பத்தும் ஒடையுது. நான் எப்பிடிம்மா கட நடத்துறது?"