இடம் காலி இல்லை

எங்கே தப்பாகக் கேட்டு மாட்டிக்கொள்வோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்க வேண்டியதைச் சமையலறையில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தாள்.

சர்வீஸ்காரர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கில்லை, என் சிநேகிதி ஒருத்தி கேட்கச் சொன்னா. கம்ப்யூட்டர்ல ஒண்ணை அழிச்சா, அது அழிஞ்சதுதானே?"

"எதை அழிச்சாங்க?"

"அதெல்லாம் அவ சொல்லலை."

"அழியாதுக்கா." உள்ளே இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை விரலால் காட்டினார். "இதோ, இந்த ஹார்ட் டிஸ்க் ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. அழிக்கிறதுன்னா, வாசல்ல 'வாடகைக்கு விடப்படும்'னு போர்டு மாட்டறது, அவ்வளவுதான். பழைய குடித்தனக்காரர் உள்ளேதான் காலை நீட்டிப் படுத்திருப்பார். புதுசா ஒருத்தர் தட்டுமுட்டுச் சாமானோட வந்து இறங்கினாத்தான் அவர் இடத்தைக் காலி பண்ணுவார்."

"குப்பைத் தொட்டியில போட்டு, தொட்டியையும் காலி பண்ணிட்டாளே?"

"விஷயம் தெரிஞ்சவங்க எடுத்துடுவாங்க. வேணும்னா அவங்களை வரச் சொல்லுங்க, நான் சுத்தமாத் துடைச்சுத் தர்றேன்."

"ஐயோ, வேண்டாம்! அவ வெளியூர்!"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் சொன்னார்: "விஷயம் தெரிஞ்சவங்கன்னா, என் தங்கச்சியோட மருமகன் மாதிரி ஆளு. அழிஞ்சதைத் தோண்டித் துருவி எடுத்துடுவார். இதைக்கூட அங்கே அவர்தான் மாட்டிக் கொடுக்கப் போறார்."

அவள் சட்டென்று சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மறுநாள் நாத்தனார் வீட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கே இருந்தது திடீரென்று செத்துப்போக, "நாமதான் லேப்டாப் வாங்கிட்டோமே, இது சும்மாக் கிடக்கு" என்று கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். "போட்டோ, வீடியோ எல்லாம் அப்படியே இருக்கட்டும், அவளும் பார்ப்பா" என்று உத்தரவு வேறு.

உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தது யார் என்று அவளுக்குத்தான் தெரியும்.

நாத்தனார் மகள் கல்யாணம் முடிந்த கையோடு, தன் தங்கை வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் கேமரா முன்னால் அவள் நடித்துக் காட்டிய படம் அது. மேஜை விரிப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு, நாத்தனார் மாதிரியே மோவாயைத் தூக்கி, "ஓ… அண்ணி! நீங்களும் வந்துட்டீங்களா? அப்படி ஓரமா உட்காருங்க!" என்று அவள் இழுத்த இழுப்பில், தங்கை தரையில் உருண்டு சிரித்தாள். போட்டோ எடுக்கும்போது மேடைக்குக் கூப்பிடாத கோபம் அத்தனையும் அதில் இருந்தது.

அன்றே அழித்துவிட்டாள். அழித்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சர்வீஸ்காரர் மூடியை மாட்டிவிட்டுப் போய், கணவரும் வெளியே கிளம்பியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புதுக் குடித்தனம் வேண்டும். ஆள் நல்ல பருமனாகவும் இருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில், இருப்பதிலேயே யானை, வீடியோக்காரரிடம் கணவர் தனியாகக் கேட்டு வாங்கிப் போட்டிருந்த அந்தக் கல்யாண வீடியோதான். அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. முழு வீடியோவிலும் அவள் வருவது ஒரே ஒரு இடத்தில், அதுவும் தூணோரமாக. ஆத்திர அவசரத்துக்கு அதையெல்லாம் பார்க்க முடியுமா?

காப்பி, பேஸ்ட். மறுபடியும் காப்பி, பேஸ்ட். ஒவ்வொன்றும் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. நடுநடுவே துணி துவைத்தாள், காயப்போட்டாள், மடித்தும் வைத்தாள். கடைசியில் 'இடம் போதவில்லை' என்று திரையில் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் போனது. சாயங்காலம் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட கணவர் முகம் மாறி, அவளிடம் நீட்டினார்.

"என் தங்கச்சி. அழறா. உன்கிட்டதான் பேசணுமாம்."

தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அண்ணி…" நாத்தனார் விசும்பினாள். "உங்க மனசுல இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே!"

"அது வந்து… விளையாட்டுக்குத்தாம்மா…"

"இதுவா விளையாட்டு? எங்க டிஸ்க் செத்தப்போ கல்யாண வீடியோவும் அதோட போச்சு அண்ணி. மருமகனாலேயே எடுக்க முடியலை. ஒரே ஒரு காப்பியை வச்சுக்கிட்டிருந்தியான்னு எல்லாரும் திட்டுவீங்களேன்னு வெளியில மூச்சு விடலை. இங்கே திறந்து பார்த்தா, டிஸ்க் முழுக்க என் பொண்ணு கல்யாணம்! பெத்தவ நானே இப்படிப் பத்திரப்படுத்தலையே!"

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இப்பதான் முழுசா உட்கார்ந்து பார்த்தேன். நீங்க தூணோரமா நின்னு மேடையையே பார்த்துக்கிட்டிருக்கீங்க. உங்களைக் கூப்பிடணும்னுகூட எனக்குத் தோணலை பாருங்க. மன்னிச்சிடுங்க அண்ணி."

அவளுக்குக் கண் தளும்பிவிட்டது. அது நிஜக் கண்ணீர்தான்.

"அப்புறம் அண்ணி, சுத்தமா இடமே இல்லையாம். ஒண்ணு இருந்தாப் போதும், மத்ததை அழிச்சிடலாம்ங்கிறார் மருமகன். எனக்குத்தான் மனசு வரலை. என்ன செய்யட்டும்?"

கண்ணீர் அப்படியே நின்றது.

புதுக் குடித்தனத்தைக் கிளப்பினால், பழையவள் மேஜை விரிப்பை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாளோ? சர்வீஸ்காரர் அதைச் சொல்லவில்லையே! இனிமேல் கேட்கவும் முடியாது.

"வேண்டாம்மா!" அவள் குரல் உடைந்தது.

பக்கத்தில் நின்ற கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணைக்கூடத் தொட விடாதே. அந்த டிஸ்க்கை அப்படியே கழற்றி பீரோவுல வச்சுப் பூட்டிடு. உனக்குப் புது டிஸ்க் நான் வாங்கித் தர்றேன்!"