மல்லியா, சந்தனமா?

இன்றைக்கும் அதேதான் நடந்தது.

மதியழகன் ஊதுபத்தியைக் கொளுத்தினார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அப்புறம் திரும்பி, பக்கத்து பேக்கிங் மேஜையில் இருந்த புஷ்பலதாவைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையாட்டினாள்.

"ஓகே. இந்த லாட் போகலாம்" என்றார் மதியழகன்.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் தேவதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருமுடிவாக்கத்தில் இருந்த அந்த ஊதுபத்தி கம்பெனிக்கு அவள் மேனேஜராக வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்தப் பார்வையை ஐம்பது தடவையாவது பார்த்துவிட்டாள்.

வாசனை பார்த்து லாட்டை பாஸ் பண்ணுகிற பொறுப்பான வேலை. ஐம்பத்தேழு வயசு. இந்த மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா?

சாப்பாட்டு நேரத்தில் புஷ்பலதாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பயப்படாம சொல்லுங்க அக்கா. மதியழகன் சார் உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறாரா?"

"ஐயோ, இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க! அண்ணன் தங்கமான மனுசன்."

"அப்புறம் எதுக்கு எப்பப் பார்த்தாலும் உங்களையே பார்க்கறார்? நான் ஓனர்கிட்ட சொல்லப் போறேன்."

புஷ்பலதாவின் முகம் வெளுத்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"அவரை வேலையை வுட்டுத் தூக்கிடாதீங்க மேடம். ஒம்பது மாசத்துக்கு முன்னாடி அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. அதுலேர்ந்து வாசனையெல்லாம் மாறிப்போச்சு. மல்லியைக் கொளுத்தினா டயர் எரியற மாதிரி கீதுன்னாரு. காபி சாக்கடையாட்டம் நாறுதாம்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினாரு. மூக்கு அனுப்புற சேதியை மூளை தப்பாப் புரிஞ்சுக்குதாம். எப்ப சரியாவும்னு சொல்ல முடியாதாம். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும் இல்ல? அதான் நான் மோந்து பார்த்துச் சொல்றேன். தலையாட்டினா ஓகே. குனிஞ்சுக்கினா ரிஜெக்ட்."

தேவதர்ஷினிக்குத் தலை சுற்றியது. டப்பா ஒட்டுகிற அம்மாவா இத்தனை நாளும் லாட் பாஸ் பண்ணியது?

புஷ்பலதாவை அனுப்பிவிட்டு, ஸ்டோரிலிருந்து மூன்று சென்ட் பாட்டில்களை எடுத்து வந்தாள். லேபிள்களைக் கிழித்து, பாட்டில்களின் வரிசைப்படியே டிராயரில் வைத்தாள். மதியழகனைக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம் என்னென்னன்னு சொல்லுங்க சார்."

முதல் பாட்டிலைத் திறந்தார். "மல்லி."

இரண்டாவது. "சந்தனம்."

மூன்றாவதை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனதுமே முகத்தைச் சுளித்தார். "தாழம்பூ. ரொம்பப் பழைய சரக்கு மேடம், காறல் அடிக்குது. இதைக் கலக்க வேணாம்."

டிராயரைத் திறந்து பார்த்தாள். மூன்றும் சரி. தாழம்பூ லேபிளில் தேதி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை.

"உங்களுக்கு வாசனையே சரியாத் தெரியலைன்னு புஷ்பலதா அக்கா சொன்னாங்களே?"

மதியழகன் திடுக்கிட்டார். பாட்டிலை மூடி மேஜையில் வைத்தார்.

"அந்தம்மா பொய் சொல்லல மேடம். ஆறு மாசம் அப்படித்தான் கிடந்தேன். அப்புறம் ஒவ்வொண்ணாத் திரும்பி வந்துச்சு. இப்ப மூணு மாசமா எல்லாமே தெரியுது."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"ஏன் சார்? எதுக்கு இன்னும் அவங்களைப் பார்த்து ஓகே சொல்றீங்க?"

"சரியாயிடுச்சுன்னு சொன்னா வாசனை பார்க்கறதை அன்னிக்கே விட்டுடுவாங்க மேடம். இந்த ஒம்பது மாசத்துல ஒரு லாட்கூடத் திரும்பி வரல, எடுத்துப் பாருங்க. பாஸ் பண்ணது அத்தனையும் அவங்கதான். அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகறப்போ, என் சீட்டுக்கு வெளிய ஆள் தேடாதீங்க."