கோலுக்குப் பின்னால் நின்ற நாரை

காட்டு ஹாக்கி அணி ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றது. கோச் நாரையை மாற்றுவதா, ஆளெடுக்கும் மேனேஜர் கீரியை மாற்றுவதா என்று நடுப்பகலில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள்.

கீரி முந்திக்கொண்டது. "கோச்சுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாரை விசிலைக் கழற்றிக் கீரியிடம் கொடுத்தது. "இனிமே கோலுக்குப் பின்னாடி யாராவது நின்னு, பந்து எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுங்க. இதுவரைக்கும் நான்தான் சொன்னேன். ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாது. பாவம், திட்டாதீங்க."

பக்கத்து மரத்துச் சிநேகிதம் என்று ஆந்தையைக் கோல்கீப்பராக்கியதே கீரிதான். விசில் கையைச் சுட்டது. அத்தனை கண்களும் தன்மேல் இருக்க, கீரி தலை நிமிரவில்லை.

ஆந்தை மட்டும் கோல் கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டது. "கீரியண்ணே, எல்லாம் உங்க புண்ணியம்."