வாத்துக்குக் கிடைத்த பட்டம்

சீன அரண்மனையில் அன்று விருந்து. சமையற்காரர் கண்ணில் படாமல் ஒரு வாத்து குளத்து நாணலுக்குள் ஒளிந்திருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போன கிளி ஒன்று அதைப் பார்த்து, "வாங்க" என்றது.

வாத்து திகைத்தது. அந்த ஊரில் 'வாங்' என்பது ராஜவம்சத்துப் பட்டம். பேரரசரின் தம்பியும் வாங், மகனும் வாங், சித்தப்பாவும் வாங். யார் பெரியவர் என்று வாத்துக்கு என்றைக்குமே புரிந்ததில்லை.

"என்னையா சொன்னீங்க?"

"உங்களைத்தான். வாங்க, வாங்க."

"ரெண்டு பட்டமா?"

அதற்குள் கத்தியோடு சமையற்காரர் வந்தார். கிளி அவரையும், "வாங்க" என்றது.

"இவரும் வாங்கா? அப்போ எனக்குச் சொந்தக்காரரா இருப்பாரோ?"

எதற்கும் மரியாதை குறையவேண்டாமென்று வாத்து கரையேறிப் போய், அவர் முன்னால் கழுத்தைத் தாழ்த்தி வணங்கியது.