எந்த நாம்

மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மதியம் மூன்று மணி. அந்த நேரத்துக்கு ஸ்பெயினின் சலமான்கா ஊரே படுத்துவிடும். வீட்டுக்காரப் பெண்மணி பிலார் ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டு, சூப் பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு உறங்கப் போயாயிற்று.

அரை மணி நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேரம்தான் தமிழ். மற்ற நேரமெல்லாம், வகுப்பிலும் தங்கியிருக்கும் வீட்டிலும், ஸ்பானிஷ் மட்டுமே. ஆறு வாரப் படிப்பின் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

கூடப் படிக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. தப்பும் தவறுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு, சாயங்காலம் கூட்டமாகச் சதுக்கத்துக்குப் போய்விடுவார்கள். அவள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அறுபது பேரை வாய் திறக்கவிடாமல் ஒரு மணி நேரம் பேசக்கூடியவள். இங்கே, ரொட்டி நன்றாக இருக்கிறது, வெயில் அதிகம், எனக்குத் தூக்கம் வருகிறது என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும்.

மீதியெல்லாம் மனசில் கிடந்தது.

அதைக் கேட்க வேண்டியவர் அவளோடு பேசுவதை நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன.

"நாப்பத்தொரு வயசுல எதுக்கு இந்தப் பாஷை?" என்று பூபதி கேட்டார். அவள் பதில் சொல்லாமல் விண்ணப்பத்தை அனுப்பினாள். கணவன் மனைவிக்குள் பேச்சு அதோடு நின்றது. விமான நிலையத்தில்கூட, பெட்டியை இறக்கி வைத்தார். சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

முதல் ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டாள். மகளின் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனதைப் பார்த்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து வெறும் குரல் போதும் என்று வைத்துக்கொண்டாள்.

குரல் மிருதுளாவுடையது. பதினோரு வயது. மூச்சு விடாமல் பேசுவாள்.

"அம்மா, நாங்க வீடு மாறறோம்! வடவள்ளில. பாத்துட்டு வந்தாச்சு. பின்னாடி கொய்யா மரம் இருக்குது. நாங்க வெள்ளிக்கிழமை போறோம். நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

அவளுக்கு முதலில் வீடு கேட்கவில்லை. கொய்யா மரம் கேட்கவில்லை.

நாங்க.

முந்தாநாள்தான் வகுப்பில் எழுந்து நின்று கேட்டிருந்தாள். ஸ்பானிஷில் நாம் என்பதற்குச் சொல்லும் இந்த 'நொசோத்ரோஸ்' எந்த நாம்? எதிரே நிற்கிறவரையும் சேர்த்துக்கொள்கிற நாமா? அவரை வெளியே நிறுத்திவிடுகிற நாங்களா? எங்கள் மொழியில் இரண்டும் வேறு வேறு. இவ்வளவையும் சொல்லி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆசிரியை பெகோன்யா யோசித்தாள். பிறகு சிரித்தாள். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள்.

போனில் முகம் இல்லை.

மிருதுளா சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாமான்களோடு போகப்போவது அவர்கள் இருவர். கேட்டுக்கொண்டிருப்பவள் கடல்களுக்கு அப்பால் ஒரு படிக்கட்டில். 'நாங்க' என்பதுதான் சரி.

சரியாக இருந்ததுதான் வலித்தது.

திரும்பிப் போய் எந்த முகத்தோடு வீட்டுக் கதவைத் திறப்பது என்று ஐந்து வாரமாக அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கதவே வேறு.

"மிரு."

"ம்?"

"அந்த வீட்டுக்கு நாங்களா, நாமளா?"

"என்னது?"

"நாங்க போறோமா, நாம போறோமா?"

"ஏம்மா, தமிழ் மறந்துபோச்சா உனக்கு?" மிருதுளா சிரித்தாள். இவள் தடுப்பதற்குள் கத்திவிட்டாள். "அப்பா! அம்மா என்னமோ கேக்குது. நாங்களா நாமளாங்குது!"

அந்தப் பக்கம் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அவள் காத்திருந்தாள்.

இந்தப் பக்கம் தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. பிலாரின் கட்டில் ஒரு முறை முனகி அடங்கியது. எதற்குக் கேட்டோம் என்றிருந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் தெரியாமல் இருந்திருக்கலாம்.

தூரத்தில் அவர் குரல். அவளிடம் இல்லை, மகளிடம்.

"உங்கம்மாளுக்குப் படிக்கற மேசை ஜன்னலோரம் வேணுமா, செவுத்தோரம் வேணுமான்னு கேளு கண்ணு."

பழைய வீட்டில் அவளுக்கென்று மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு விடைத்தாள் திருத்துவாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடமும் அப்படித்தான்.

"கேட்டுச்சாம்மா? எங்க வேணும்? அப்பா கையில டேப்போட நிக்குது. சீக்கிரம் சொல்லு."

வாயைத் திறந்தாள். ஐந்து வாரப் பழக்கம் முந்திக்கொண்டது.

"வென்தானா."

"என்னம்மா?"

ஜன்னல் என்ற சொல் தெரியாமல் இல்லை. வாயில் வந்தது அதன் ஸ்பானிஷ்தான்.

"அப்பா, வென்தானாவாம்!"

போன் கை மாறுகிற சத்தம். யாரோ மூச்சு விடுவது கேட்டது. மிருதுளா இல்லை.

"அப்படின்னா?"