குன்றில் விட்டுவந்த பிள்ளை

“நான் பெத்த பிள்ளையைக் குன்று மேல அநாதையா விட்டுட்டு வந்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா?”

ரோஜர் ஸ்வேல் போட்ட சத்தத்தில் மார்ல்கோம்ப் பள்ளிக்கூட வாசலே அடங்கிப்போனது.

தலைமை ஆசிரியை ஹெஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வருஷா வருஷம் ஜூன் மாதம் பள்ளிப் பிள்ளைகள் போகிற நடைதான். தேவாலயத்துக்குப் பின்பக்கமாகப் போய், ஓடையைத் தாண்டி, சுண்ணாம்புச் சரிவில் வெட்டியிருக்கும் பெரிய வெள்ளைக் குதிரை உருவத்தைப் பார்த்துவிட்டு, குன்றின் உச்சியில் பழங்காலப் பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இன்றைக்கும் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், ரோஜரின் மகள் டாம்சினைத் தவிர.

ஆசிரியர் ஆல்டன் பிம் வந்த வேகத்திலேயே குன்றுக்குத் திரும்ப ஓடினார். வெகுநேரம் கழித்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். இரண்டு பேர் பூட்ஸிலும் சேறு. எட்டு வயசுப் பிள்ளை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எப்படி நடந்துச்சு, ஆல்டன்?” என்றார் ஹெஸ்டர்.

“எண்ண மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

“மறந்துட்டாராம்! குடையையா மறந்துட்டு வந்தீங்க?” ரோஜர் பாய்ந்தார்.

“பாவம் ரோஜர்,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. “பொண்டாட்டி போய்ச் சேர்ந்ததுலேர்ந்து ஒத்தை ஆளா அந்தப் பிள்ளையை வளர்க்கிறார். அவருக்குப் போய் இப்படியா?”

ரோஜர் என்றால் ஊரில் அப்படி ஒரு மரியாதை. பள்ளி விழாவுக்குக் கூடாரம் போடுவதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துவது வரை அவர்தான்.

“வா டாம்சின், வீட்டுக்குப் போகலாம்.”

நீட்டிய கைக்குக் குறுக்கே வந்து நின்றார் ஆல்டன்.

“இப்ப முடியாது ரோஜர். இப்படி ஆனா, நர்ஸ் வந்து பார்க்காம பிள்ளையை அனுப்பக் கூடாது. பள்ளிக்கூடச் சட்டம்.”

அப்படி ஒரு சட்டம் இருப்பது ஹெஸ்டருக்கே தெரியாது.

“தொலைச்சுட்டு வந்துட்டு எனக்கே சட்டம் பேசறீங்களா? ஹெஸ்டர், இந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கணும். இல்லேன்னா நடக்கிறதே வேற!”

“ஆமா, தூக்குங்க!” இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன.

“தாராளமா தூக்கட்டும்,” என்றார் ஆல்டன். “நீங்க கோபப்படுறது நியாயம்தான், ரோஜர். இன்னும் திட்டணும்னா திட்டுங்க.”

ஹெஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையல்காரம்மா மேவிஸிடம் பிள்ளையை ஒப்படைத்து உள்ளே அனுப்பிவிட்டு, ஆல்டனைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“நீங்களா எண்ண மறந்தீங்க? விளையாட்டு மைதானத்துக்குப் போயிட்டு வந்தாக்கூட தலையை எண்ணுற ஆளாச்சே நீங்க!”

“எண்ணினேன் ஹெஸ்டர். குன்றுலேர்ந்து இறங்கும்போது இருந்தா. ஓடைகிட்ட நழுவி, மறுபடியும் மேல ஓடியிருக்கா.”

“ஓடினாளா? எதுக்கு?”

“பாறை இடுக்குல ஒடுங்கி உட்கார்ந்திருந்தா. கையில பாதி சாண்ட்விச். ராத்திரிக்குன்னு மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கா. ‘நான் இங்கேயே படுத்துக்கிறேன் சார், வீட்டுக்கு மட்டும் வேண்டாம்’னா. ஏம்மான்னு கேட்டேன். ஸ்வெட்டர் கையைத் தூக்கிக் காட்டினா. முழங்கைக்கு மேல பூரா பெல்ட் தழும்பு. ஆறினதும் இருக்கு, ஆறாததும் இருக்கு.”

ஜூன் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத பிள்ளை. ‘குளிர் தாங்காத குட்டி’ என்று ஹெஸ்டரே செல்லமாகக் கேலி செய்திருக்கிறார்.

“ரோஜரா? நம்ம ரோஜரா?”

ஆல்டன் ஆமென்று தலையசைத்தார்.

“அப்புறம் எதுக்கு அந்தப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? ஊரே காறித் துப்புதே!”

“குன்று மேலேர்ந்தே போலீஸுக்கும் குழந்தைகள் நலத் துறைக்கும் போன் பண்ணிட்டேன். டவுன்லேர்ந்து வந்துக்கிட்டிருக்காங்க. இவ தானா ஓடி ஒளிஞ்சான்னு ரோஜருக்குத் தெரிஞ்சா, குட்டு உடைஞ்சிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு அடுத்த நிமிஷமே கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிடுவான்.”

வெளியே ரோஜரின் கூச்சல் இன்னும் உயர்ந்தது. ஆல்டன் மறுபடியும் வாசலுக்குப் போகக் கதவைத் திறந்தார்.

“அவங்க வந்து சேர்ற வரைக்கும், அவன் கோபமெல்லாம் என் மேலேயே இருக்கட்டும்.”